பிள்ளையை டே கேரிலிருந்து நிறுத்துவதற்கு முன்

தங்கச்சி, மெல்பேர்னுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, அதற்குள் கணவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள், டே கேர் காசு கட்ட வழியில்லை, பிள்ளையை நிறுத்திவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து நிறுத்தாதீர்கள். அந்த இடம் போனால் திரும்பக் கிடைப்பது லேசில்லை. நாளைக்கே அவருக்கு இன்டர்வியூ வந்தால் பிள்ளையை யாரிடம் விடுவீர்கள்? இங்கே அம்மாவா, மாமியாரா பக்கத்தில் இருக்கிறார்கள்?

நீங்கள் பிஆரில், அதாவது நிரந்தர வதிவுரிமையில் வந்தவர்கள், டே கேர் கட்டணத்தில் ஒரு பங்கை அரசு கட்டும் சைல்ட் கேர் சப்சிடியும் வருகிறது என்கிறீர்கள். சரி, இன்று இரவே மைகவ் என்ற அரசின் இணையக் கணக்குக்குள் போய்க் குடும்ப வருமான மதிப்பீட்டைக் குறைத்துப் போடுங்கள். இரண்டு சம்பளக் கணக்கு அங்கே கிடக்கும்வரை சப்சிடியும் பழைய வீதத்தில்தான் வரும். வருமானம் குறைந்த குடும்பத்துக்கு அது 90 சதவீதம் வரை போகும். வேலை இல்லாவிட்டாலும் இரண்டு வாரத்துக்கு 72 மணிநேரத்துக்கு சப்சிடி உண்டு. 2026 ஜனவரியிலிருந்து அதுதான் விதி.

நம் ஆட்கள் பலருக்குத் தெரியாதது, அடிஷனல் சைல்ட் கேர் சப்சிடி. அதில் தற்காலிகப் பணக்கஷ்டத்துக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. தானாக வேலையை விட்டவர்களுக்குக் கிடையாது. வேலை பறிபோனவர்கள், துணையை இழந்தவர்கள், வீட்டில் வன்முறைக்கு ஆளானவர்கள், வெள்ளத்திலோ தீயிலோ வீடு போனவர்கள் கேட்கலாம். கிடைத்தால் 13 வாரம் வரை, இரண்டு வாரத்துக்கு 100 மணிநேரம் வரை, பெரும்பாலும் முழுக் கட்டணத்தையும் அரசே நேராக சென்டருக்குக் கட்டிவிடும். ஆனால் வேலை போன நாளிலிருந்து 6 மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். கம்பெனி கொடுத்த கடிதம், கடைசி பேஸ்லிப், பேங்க் ஸ்டேட்மென்ட் மூன்றையும் இப்போதே எடுத்து வையுங்கள்.

அதோடு, சென்டர் டைரக்டரிடம் தனியாக ஐந்து நிமிடம் கேட்டு உள்ளதைச் சொல்லுங்கள். பாக்கியைத் தவணையில் கட்ட விடும் சென்டர்கள் இருக்கின்றன. ஆனால் பாக்கி ஏறிய பிறகு கேட்பதைவிட முன்பே கேட்டால்தான் முகம் கொடுத்துப் பேசுவார்கள். கூச்சப்படவே வேண்டாம். வெளியே சொல்ல வெட்கப்பட்டு, ஊரில் இருக்கும் நகையை அடகு வைத்துக் காசு எடுப்பிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு மனசு கேட்பதில்லை.

உங்கள் தோழிகள் யாராவது தற்காலிக விசாவில் இருந்தால் அவர்களுக்கு சப்சிடி பெரும்பாலும் வராது. ஆனால் நம் விக்டோரியா மாநிலத்தில் 3, 4 வயதுப் பிள்ளைகளுக்கான ஃப்ரீ கிண்டர் என்ற இலவச முன்பள்ளிக்கு விசா தடையில்லை. அதைக் கேட்கச் சொல்லுங்கள்.

ஆங்கிலத்தில் பேசத் தயக்கமாக இருந்தால், அரசு உதவித்தொகைகளைக் கவனிக்கும் சென்டர்லிங்கின் பலமொழி எண்ணான 131 202-க்கு அடித்து, தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லுங்கள். அதற்குக் காசு இல்லை.