ஒரு ஃபேஷன் பத்திரிகையின் அட்டையையும் படத்தொடரையும் எதை வைத்து விமர்சிப்பது?

கேள்வி: வோக் போன்ற ஃபேஷன் பத்திரிகைகளின் அட்டைப்படங்களையும் உள்ளே வரும் படத்தொடர்களையும் பற்றி ‘அழகாக இருக்கிறது’, ‘அழகாக இல்லை’ என்பதற்கு மேல் ஒரு சாதாரண வாசகர் என்ன சொல்ல முடியும்? கிரியேட்டிவ் டைரக்‌ஷன் என்று எதைச் சொல்கிறார்கள்?

பதில்:

நான் சென்னையில் ஒரு தமிழ் வார இதழில் பதினான்கு ஆண்டுகள் லேஅவுட் ஆர்ட்டிஸ்டாக வேலை பார்த்தவன். எங்களுடையது ஃபேஷன் பத்திரிகை இல்லை. ஆனாலும் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் புடவை, நகைப் படத்தொடர்கள் வரும், அவற்றைப் பக்கத்தில் அமைப்பது என் பொறுப்பு. அந்த வேலையைக் கற்றுக்கொள்வதற்காக வோக்கின் பழைய இதழ்களைத் தேடித் தேடிப் பார்த்தவன் என்பதால், அந்தப் பத்திரிகையை வைத்தே இதற்குப் பதில் சொல்கிறேன்.

படத்தின் கீழே புகைப்படக்காரரின் பெயர் இருப்பதால் படம் முழுவதும் அவருடைய முடிவு என்று வாசகர் நினைத்துக்கொள்வது இயல்பு. உண்மையில் யாரை எடுப்பது, எங்கே நிறுத்துவது, எதை உடுத்துவது, எடுத்த நூற்றுக்கணக்கான படங்களில் எதைத் தேர்ந்தெடுப்பது, அதை எந்த ஓரத்தில் வெட்டுவது, மேலே என்ன வார்த்தை வைப்பது என்கிற முடிவுகளில் பெரும்பகுதி ஆசிரியர், கிரியேட்டிவ் டைரக்டர், ஸ்டைலிஸ்ட் ஆகியோர் கையில் இருக்கிறது. கிரியேட்டிவ் டைரக்‌ஷன் என்பது இந்த முடிவுகளின் மொத்தம். ஆகவே விமர்சனம் செய்கிறவர் படத்தைப் பார்ப்பதோடு நில்லாமல், அதற்குப் பின்னால் எடுக்கப்பட்ட முடிவுகளையும் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

நல்ல முடிவு எப்படி இருக்கும் என்பதற்கு எனக்கு எப்போதும் நினைவுக்கு வருவது அமெரிக்க வோக்கின் 1988 நவம்பர் அட்டை. அன்னா வின்டூர் ஆசிரியராகப் பொறுப்பேற்றபின் வந்த முதல் அட்டை அது. அவருக்கு முன் 1971 முதல் ஆசிரியராக இருந்த கிரேஸ் மிராபெல்லாவின் காலத்தில் ரிச்சர்ட் அவெடான் எடுத்த அட்டைகள் பெரும்பாலும் ஒரே வார்ப்பில் இருக்கும்: ஸ்டுடியோ வெளிச்சம், அட்டையை நிறைக்கும் முகம், ஒரு முடிகூடக் கலையாத தலை, நேராக நம்மைப் பார்க்கும் கண்கள். 1988 நவம்பர் அட்டையிலோ மிக்கேலா பெர்கு என்ற மாடல் பகல் வெளிச்சத்தில் தெருவில் நிற்கிறார். முடி காற்றில் பறந்து முகத்தில் விழுகிறது. கண்கள் ஏறக்குறைய மூடியிருக்கின்றன. பார்வை கேமராவை விட்டு விலகியிருக்கிறது. மேலே கற்கள் பதித்த சிலுவை கொண்ட, கிறிஸ்தியான் லாக்ரோவா என்ற ஆடை வடிவமைப்பாளரின் ஜாக்கெட், விலை 10,000 டாலர். கீழே சாயம் போன ஜீன்ஸ், விலை 50 டாலர். எடுத்தவர் பீட்டர் லிண்ட்பெர்க். இப்படி உடுத்திவிட்டவர் கார்லீன் செர்ஃப் டி டுட்ஸீல் என்ற ஸ்டைலிஸ்ட். அந்த ஜாக்கெட்டுக்கு ஒரு பாவாடையும் இருந்தது. மாடல் சற்று எடை கூடியிருந்ததால் அது அவருக்குப் பொருந்தவில்லை, அதனால்தான் ஜீன்ஸ் வந்தது என்று வின்டூரே பின்னாளில் எழுதியிருக்கிறார். அச்சகத்திலிருந்து தொலைபேசியில் அழைத்து, படம் மாறி வந்துவிட்டதா என்று கேட்டார்களாம்.

அந்த அட்டையை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பத்தாயிரம் டாலர் ஜாக்கெட்டும் ஐம்பது டாலர் ஜீன்ஸும் ஒரே உடம்பில் இருக்கின்றன, அந்த உடம்புக்குச் சொந்தக்காரி அதை அனுபவித்துச் சிரிக்கிறாள். விலை உயர்ந்ததையும் மலிவானதையும் சேர்த்தது ஒரு தனி மனுஷியின் விருப்பம்போல நமக்குத் தோன்றுகிறது. பார்க்கிற வாசகி, வீட்டு அலமாரியில் மடித்து வைத்திருக்கும் ஜீன்ஸை நினைத்துக்கொள்ள இடம் இருக்கிறது. தற்செயலாக நேர்ந்த ஒரு பொருத்தமின்மையைத் தைரியமாக அட்டைக்குக் கொண்டுவந்ததுதான் அங்கே நடந்த கிரியேட்டிவ் டைரக்‌ஷன்.

இதே சேர்க்கையை இருபது ஆண்டுகள் கழித்து வோக் இந்தியா வேறொரு விதத்தில் செய்தது. 2007 அக்டோபரில் தொடங்கிய அந்தப் பத்திரிகை, ஓராண்டு நிறைவதற்குள், 2008 ஆகஸ்ட் இதழில் 16 பக்கங்களுக்கு ஒரு படத்தொடர் வெளியிட்டது. பதினாறு பக்கம் என்பது அச்சகத்தில் ஒரு முழு ஃபாரம், அதாவது ஒரே பெரிய தாளில் அச்சடித்து மடிக்கும் தொகுதி. சும்மா இடம் நிரப்புவதற்கு யாரும் அவ்வளவு கொடுக்க மாட்டார்கள். மேல்வரிசைப் பற்கள் விழுந்துவிட்ட ஒரு மூதாட்டி கசங்கிய உடையிலுள்ள குழந்தையைக் கையில் வைத்திருக்கிறார். குழந்தையின் கழுத்தில் சுமார் 100 டாலர் விலையுள்ள ஃபெண்டி பிப் (உணவு உடையில் சிந்தாமல் கட்டிவிடும் துணி). செருப்பில்லாத ஒருவர் கையில் சுமார் 200 டாலர் விலையுள்ள பர்பெரி குடை. மோட்டார் சைக்கிளில் மூன்று பேர் நெருக்கி உட்கார்ந்து போகும் ஒரு குடும்பம். ஒருபக்கமாக உட்கார்ந்திருக்கும் தாயின் மணிக்கட்டில் ஹெர்மேஸ் பிர்கின் பை, அதன் விலை 10,000 டாலருக்கு மேல், அதாவது அன்றைய மதிப்பில் 4 லட்சம் ரூபாயைத் தாண்டும்.

வெளியானவுடன் கண்டனம் எழுந்தது. நாளொன்றுக்கு 1.25 டாலருக்குக் குறைவாக வைத்துப் பிழைப்போர் இந்தியாவில் சுமார் 45.6 கோடிப் பேர் என்று உலக வங்கி சொன்னதும் அதே ஆகஸ்ட் மாதத்தில்தான் என்பதால், பலர் அந்தக் கணக்கை எடுத்துக்காட்டினார்கள். கணக்கு சரியானதே. ஆனால் அதை மட்டும் சொன்னால், ஏழைகள் ஃபேஷன் பத்திரிகையில் வரவே கூடாது என்று வாதாடுவதுபோல ஆகிவிடும், அதை நான் ஏற்க மாட்டேன். பத்திரிகையின் ஆசிரியர் சொன்ன சமாதானமும் ஏறத்தாழ இந்தத் திசையில்தான் இருந்தது: ஃபேஷன் இனிமேல் பணக்காரர்களின் தனிச்சொத்து இல்லை, யார் அணிந்தாலும் அழகாக்கிக் காட்ட முடியும் என்றார். இது நல்ல கொள்கை. அந்தப் பதினாறு பக்கங்கள் அந்தக் கொள்கைப்படி எடுக்கப்பட்டிருந்தால் நானே அவற்றைப் பாராட்டி எழுதியிருப்பேன்.

எடுக்கப்படவில்லை என்பதற்குச் சான்று படங்களுக்கு அருகில் இருந்த சிறிய எழுத்துகளில் இருக்கிறது. குடை யாருடைய தயாரிப்பு, பை யாருடைய தயாரிப்பு என்று பெயர் சொன்ன அந்தக் குறிப்புகள், அவற்றை வைத்திருந்தவரை ஒரு பெண், ஓர் ஆண் என்று மட்டுமே சொல்லின. மாடலுக்குப் பெயர் உண்டு, மேக்கப் போட்டவருக்குப் பெயர் உண்டு என்பது இந்தத் தொழிலின் பழக்கம். அந்தப் பழக்கத்தை அந்தப் பதினாறு பக்கங்களில் மட்டும் கைவிட்டது ஓர் எடிட்டோரியல் முடிவு. யாரோ ஒருவர் மேசையில் உட்கார்ந்து அந்த வரிகளை எழுதினார், இன்னொருவர் படித்துப் பார்த்துச் சரி என்றார், பிறகுதான் அது அச்சுக்குப் போயிருக்கும். பெயர் இல்லாதபோது அந்த மூதாட்டி அணிகிறவராக இல்லை. பொருள் மாட்டி வைக்கப்பட்ட ஆணியாக ஆகிறார். 1988 அட்டையில் ஜீன்ஸ் ஜாக்கெட்டுக்கு உயிர் கொடுத்தது. 2008 படத்தில் விழுந்த பற்கள் பிப்பை இன்னும் பளிச்சென்று காட்டுவதற்குப் பயன்பட்டன. படத்தின் ஒளியும் நிறமும் மிக நன்றாக இருந்ததால்தான் இதைச் சொல்ல எனக்கு மனம் வலிக்கிறது. திறமை இல்லாமல் நேர்ந்த பிழை அன்று அது.

இதற்கு ஒரு பழைய மரபு இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 1956இல் பிரிட்டிஷ் வோக்குக்காக நார்மன் பார்க்கின்சன் ஜெய்ப்பூருக்கு வந்து எடுத்த படம் ஃபேஷன் புகைப்பட வரலாற்றில் புகழ்பெற்றது: அரண்மனைக்கு வெளியே இளஞ்சிவப்பு மோஹேர் கோட்டில் ஆன் கன்னிங், அருகில் யானை. நிறத்தின் துணிச்சலுக்காக நானும் அந்தப் படத்தை ரசிப்பவன்தான். ஆனால் ஓர் ஊரையும் அதன் உயிர்களையும் கோட்டுக்குப் பின்திரையாக்கும் முறை அங்கே அழகாக நிலைபெற்றுவிட்டது, அதை 2008இல் இந்தியாவுக்கென்றே தொடங்கிய பத்திரிகையும் கேள்வி கேட்காமல் எடுத்துக்கொண்டது. இத்தனைக்கும் அதற்கு முந்தைய மாதம்தான், 2008 ஜூலையில், வோக் இத்தாலியா, ஆசிரியர் பிராங்கா சொஸானியின் தலைமையில் கறுப்பின மாடல்களை மட்டுமே கொண்டு, ஸ்டீவன் மெய்செல் எடுத்த படங்களோடு ஓர் இதழ் கொண்டுவந்திருந்தது. நவோமி கேம்பெல், லியா கெபெடே, ஜோர்டன் டன், செசிலி லோபெஸ் என்று அட்டைக்கு வந்த ஒவ்வொருவரும் பெயரோடு வந்தார்கள். இதழ் விற்றுத் தீர்ந்து மறுபடி அச்சிடப்பட்டது. ஒரே நிறுவனத்தின் இரண்டு பத்திரிகைகள், ஒரு மாத இடைவெளி.

இதை நான் வெளியிலிருந்து சொல்லவில்லை. எங்கள் இதழின் தீபாவளி மலருக்காக ஒருமுறை காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளர் வீட்டில் படம் எடுத்தோம். அவர் குழித்தறியில் உட்கார்ந்து நெய்துகொண்டிருக்க, தறி மரத்தில் சாய்ந்தபடி மாடல் பட்டுப்புடவையில் நின்றார். புகைப்படக்காரர், “அண்ணே, கொஞ்சம் தலையைக் குனிஞ்சுக்குங்க, முகம் உள்ள வருது” என்றார். அவரும் குனிந்துகொண்டார். பக்கம் அமைக்கும்போது இடப்பக்கம் கட்டுரைக்கு ஒரு பத்தி இடம் தேவைப்பட்டது. நான் அந்தப் பக்கம் வெட்டினேன். பாதி முகம் போய்விட்டது, தறியில் நூலை ஓட்டும் நாடாவைப் பிடித்த கை மட்டும் மிஞ்சியது. கீழே சிறிய எழுத்தில் புடவைக் கடை, நகைக் கடை, மேக்கப், மாடல், படம் என்று ஐந்து வரி போட்டேன். அவருடைய பெயரைப் போட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

மலரின் ஒரு பிரதியைத் தபாலில் அனுப்பி வைத்தோம். ஒரு வாரம் கழித்து அவருடைய மனைவி அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினார். “படம் ரொம்ப நல்லா வந்திருக்கு சார். அவரு கை தெரியுது. அது அவரு கைன்னு நாங்க சொன்னாத்தானே சார் தெரியும்?” என்றார். குறை சொல்லும் குரலாகவே அது இல்லை. நான் அந்தப் பக்கத்தை எடுத்து மறுபடி பார்த்தேன். அந்தப் புடவையில் உடலும் கரையும் சேரும் கோர்வை அவ்வளவு நேராக இருந்தது. படத்திலேயே அழகான கோடு அதுதான். அதைப் போட்டவர் படத்துக்கு வெளியே நின்றார்.

அதன்பிறகு நான் எந்த ஃபேஷன் பக்கத்தையும் சிறிய எழுத்திலிருந்துதான் படிக்கத் தொடங்குகிறேன். வாசகர்களுக்கும் அதையே பரிந்துரைப்பேன். அட்டைக்கும் இது பொருந்தும், ஆனால் அங்கே கேட்க வேண்டிய கேள்வி சற்று வேறு: படத்தில் இருப்பவர் தன்னைப் பார்க்க விரும்பிய விதத்தில் இருக்கிறாரா? 2021 பிப்ரவரி அமெரிக்க வோக் அட்டையில் கமலா ஹாரிஸ் கறுப்பு ஜாக்கெட்டும் கான்வர்ஸ் காலணியும் அணிந்து, இளஞ்சிவப்பு, பச்சைத் திரைகளுக்கு முன்னால் நிற்கிறார். எடுத்தவர் டைலர் மிட்செல். இளநீல சூட் அணிந்த இன்னொரு படம்தான் அட்டையாக வரும் என்று அவருடைய தரப்பு எண்ணியிருந்ததாகச் செய்திகள் வந்தன. துணி தரையில் கசங்கிக் கிடக்கும் அந்தப் படத்தில் ஓர் இயல்பு இருந்தது என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் நாட்டின் முதல் பெண் துணை அதிபராகப் பதவியேற்க இருந்த ஒருவரை எப்படிக் காட்டுவது என்பதில் அவருக்கும் ஒரு பங்கு இருந்திருக்க வேண்டும். எழுந்த எதிர்ப்புக்குப் பிறகு நீல சூட் படத்தோடும் ஒரு சிறப்புப் பதிப்பு அச்சிட்டார்கள்.

சரியாகச் செய்யப்பட்ட ஒன்றையும் காட்ட வேண்டும் என்றால், வோக் பிலிப்பைன்ஸின் 2023 ஏப்ரல் அட்டையைச் சொல்வேன். கலிங்கா மாகாணத்தில் புஸ்கலான் என்ற மலைக்கிராமத்தில் பச்சை குத்தும் கலைஞரான அபோ வாங்-ஓட், 106 வயதில் அந்த அட்டையில் இடம்பெற்றார். ‘அபோ’ என்பது மூத்தவரை மரியாதையாக அழைக்கும் சொல். அட்டையிலேயே அந்த மரியாதை அவர் பெயரோடு இருக்கிறது. முள்ளை மூங்கில் குச்சியில் செருகி, கரியைத் தொட்டு, தட்டித் தட்டிக் குத்துவது அவருடைய கலை. அதைத் தன் குடும்பத்துப் பேத்திகளுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார். முகத்துச் சுருக்கங்களும் பச்சைக் கோலங்களும் அங்கே வேறொரு விலையுயர்ந்த பொருளை எடுத்துக்காட்டுவதற்காக வைக்கப்படவில்லை. பார்க்க வேண்டியவையே அவைதான். 2008 மூதாட்டியையும் இவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வயதும் வறுமையும் ஃபேஷன் பக்கத்துக்குப் பொருந்தாது என்கிற வாதம் அங்கேயே விழுந்துவிடும். ஒரு மலைக்கிராமத்துக் கலையைப் பெருநகரப் பத்திரிகை விற்பனைப் பொருளாக்குகிறது என்ற ஆட்சேபத்தையும் நான் மதிக்கிறேன், ஆனால் குறைந்தபட்சம் இந்த அட்டையைப் பார்க்கிறவருக்கு, யாரைப் பார்க்கிறோம், அவர் என்ன செய்கிறவர் என்பது தெரிகிறது.

அடுத்த ஆண்டுத் தீபாவளி மலருக்கும் காஞ்சிபுரத்தில்தான் படம் எடுத்தோம், அதே வீட்டில். இந்த முறை சிறிய எழுத்து வரிகளை எழுதுவதற்கு முன்பே நான் அந்த அம்மாவுக்குத் தொலைபேசி செய்து, ஐயாவின் பெயரை எப்படிப் போட வேண்டும் என்று கேட்டேன். சற்று நேரம் பேச்சில்லை. உள்ளே திரும்பி அவரிடம் ஏதோ கேட்டுவிட்டு வந்து, “இனிஷியலோட போடுவீங்களா சார்? அவங்க அப்பாவும் இதே தறியிலதான் நெஞ்சாரு” என்றார்.