கெய்ரோவுக்கு எந்த நாவல்?

அன்புள்ள ஐயா,

அடுத்த மாதம் குடும்பத்தோடு ஒரு வாரம் எகிப்து போகிறோம். பிரமிடுகளையும் லக்சரையும் டூர்காரர்களே காட்டிவிடுவார்கள். இன்றைய எகிப்தியர்களைப் பற்றித்தான் ஒன்றும் தெரியவில்லை. போகிற இடத்தில் நாவல் படிப்பது அதற்கு உதவுமா?

எஸ்., மதுரை

அன்புள்ள எஸ்.,

நிச்சயம் உதவும். அலா அல் அஸ்வானியின் ‘யாகூபியன் கட்டடம்’ நாவலை எடுத்துப்போங்கள். 2002-இல் அரபியில் வந்தது, ஆங்கிலத்தில் கிடைக்கிறது. அவர் பல் மருத்துவர், அந்தக் கட்டடத்திலேயே கிளினிக் வைத்திருந்தவர். கெய்ரோவின் தலாத் ஹர்ப் தெருவில் அது இன்றும் நிற்கிறது, தஹ்ரீர் சதுக்கத்திலிருந்து நடந்தே போகலாம்.

நாவலில் என்னை மிகவும் பிடித்துக்கொண்டது மொட்டைமாடிதான். ஒவ்வொரு ஃப்ளாட்டுக்கும் அங்கே ஒரு குட்டி இரும்பு அறை உண்டு. சாமான் போட, துணி துவைக்க, நாயைக் கட்ட. ராணுவம் மன்னராட்சியைக் கவிழ்த்த 1952 புரட்சிக்குப் பிறகு கீழே ராணுவ அதிகாரிகள் குடிவருகிறார்கள், மேலே அவர்களுடைய வேலைக்காரர்கள். எழுபதுகளில் வசதியுள்ளவர்கள் முஹந்திசீன் மாதிரிப் புதுப் பகுதிகளுக்குப் போய்விட, அந்த அறைகள் பிழைக்க வந்த ஏழைகளுக்கு உள்வாடகைக்குப் போகின்றன. இதைப் படித்துவிட்டு நடந்தால் கெய்ரோவில் கண் தானாக மாடிகளுக்குப் போகும்.

அப்புறம் தாஹா. வாட்ச்மேனின் மகன், நன்றாகப் படிப்பவன், போலீஸ் அகாடமி நேர்முகத்துக்குப் போகிறான். அப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்கிறார்கள். அரசு ஊழியர் என்கிறான். காகிதத்தைப் புரட்டிவிட்டு, ஊழியரா, காவலாளியா என்று திருப்பிக் கேட்கிறார்கள். அதோடு முடிந்தது. பின்னால் அவன் தீவிரவாதிகளிடம் போய்ச் சேருவதற்கும், போலீஸ் காவலில் சித்திரவதைப்படுவதற்கும் விதை அங்கே விழுகிறது. அதிபர் முபாரக்குக்கு எதிராக 2011-இல் தஹ்ரீர் போராட்டம் தொடங்கிய ஜனவரி 25, எகிப்தின் காவலர் தினம். அந்த நாளை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பது தாஹாவைப் படித்தவர்களுக்கு விளங்கும்.

ஆனால் கதை நடப்பது 1990 வாக்கில், வளைகுடாப் போர்ச் சமயத்தில். அதன்பின் முபாரக் போனார், இன்னும் இரண்டு ஆட்சிகள் மாறின, பாலைவனத்தில் புதிய நிர்வாகத் தலைநகரே எழுந்துவிட்டது. அதனால் நாவலை அப்படியே இன்றைய நிலவரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எதைக் கவனிக்க வேண்டும் என்று அது சொல்லித்தரும், அதுவே பெரிய விஷயம்.

நீங்கள் தங்கும் இடத்து வாசலிலும் பவ்வாப் எனப்படும் வாட்ச்மேன் ஒருவர் உட்கார்ந்திருக்கக்கூடும். சொந்த ஊர் எது, பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று கேளுங்கள், பேசுவார். அரசியலை மட்டும் நீங்களாக எடுக்க வேண்டாம். நீங்கள் ஊர் திரும்பிவிடுவீர்கள், அவர் அங்கேயே இருக்க வேண்டியவர். யாரும் அழைக்காமல் மொட்டைமாடிக்கும் ஏறாதீர்கள். அங்கே குடும்பங்கள் இருக்கலாம்.