பாவம், அந்தத் தேயிலை!

கேள்வி: குன்னூரிலிருந்து உறவினர் வாங்கி வந்த விலை கூடிய இலைத் தேயிலையைப் பாலில் போட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவைத்தேன். நிறம் ஏறவில்லை, கசப்புதான் மிச்சம். பிளாஸ்கில் ஊற்றிவைத்து மாலையில் வந்த விருந்தாளிக்குக் கொடுத்தால், பாதியிலேயே டம்ளரை வைத்துவிட்டார். கலப்படத் தேயிலையைத் தலையில் கட்டிவிட்டார்களா? தெருமுனைக் கடை டீ மட்டும் எப்படி ருசிக்கிறது? (வாசகி, திருச்சி)

பதில்: நிறம் ஏறவில்லை என்பதற்காகவா கலப்படம் என்கிறீர்கள்? கலப்படக்காரன் முதலில் சேர்ப்பதே நிறத்தைத்தானே அம்மா! சந்தேகம் தீராவிட்டால், நனைத்த வடிதாளில் (ஃபில்டர் பேப்பர்) கொஞ்சம் தூவிப் பாருங்கள். சாயம் சேர்த்த சரக்கு சட்டென்று திட்டுத் திட்டாகக் கறை விடும்.

உங்கள் கையில் கிடைத்தது கொழுந்தை உருட்டி முறுக்கிக் காயவைத்த இலை. அதற்கு வேண்டியது வெந்நீர். நீங்கள் பாலில் வேகவைத்திருக்கிறீர்கள். துவர்ப்பைப் பாலின் புரதம் பிடித்துக்கொண்டது, மணம் ஆவியோடு போயிற்று. கடைக்காரர் போடுவது சி.டி.சி. தூள். பல் வைத்த உருளைகளுக்கு நடுவே இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டிக் குருணையாக்குவார்கள். 1930களில் அஸ்ஸாமில் பிறந்த முறை அது. பாலுக்கும் சர்க்கரைக்கும் ஈடுகொடுக்கும், நிமிடத்தில் சாயம் இறக்கும். அதையும் டீ மாஸ்டர் பாலில் போட்டுக் காய்ச்சுவதில்லை. துணி வடிகட்டியில் தூள், மேலே கொதிநீர், கீழே டிகாக்ஷன். பால் தனியாகக் காய்ந்துகொண்டிருக்கும். கவனித்ததில்லையா?

மிச்ச இலையையாவது காப்பாற்றுங்கள். ஏற்கெனவே ஒருமுறை கொதித்து ஆறிய தண்ணீர் வேண்டாம். புதிதாகப் பிடித்துத் தளதளவென்று கொதிக்கவிடுங்கள். பாத்திரத்தை வெந்நீரில் ஒருமுறை அலசிக் கொட்டிவிட்டு, ஒரு கோப்பைக்கு 2 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன் இலை போட்டு, நீரை ஊற்றி மூடுங்கள். மூன்று, நான்கு நிமிடம் போதும். திறந்து பார்த்தால் முறுக்கு அவிழ்ந்த இலை அடியில் படுத்திருக்கும். நீர் தேன் நிறத்தில் இருக்கும். உடனே முழுவதையும் வடித்துவிடுங்கள். டீ திடமாக வேண்டுமென்றால் இலையைக் கூட்டுங்கள். நேரத்தைக் கூட்டினால் கசப்புதான் கூடும். சர்க்கரையை விருந்தாளியைக் கேட்டுப் போடுங்கள். பால் கேட்டால் தனியாகக் கொடுங்கள், இரண்டு ஸ்பூனுக்கு மேல் போனால் நான் பொறுப்பல்ல.

இஞ்சி, ஏலக்காய் தட்டிப் போட ஆசையா? தாராளமாகப் போடலாம், அதற்குக் கடைத் தூளே போதும்.

அந்த விருந்தாளியை மறுபடியும் அழைப்பதாக இருந்தால், பிளாஸ்கைப் பரண்மேல் ஏற்றிவிட்டு அழையுங்கள்.