பாத அழுத்த இன்சோல்: ரீடிங் தானாக ஏறுவது ஏன்?

காட்பாடி நண்பருக்கு வணக்கம். சர்க்கரை நோயாளிகளின் செருப்புக்குள் வைக்கும் இன்சோலில் (உள்ளடித் தகட்டில்) எஃப்.எஸ்.ஆர். 402 என்ற, அழுத்தினால் மின்தடை குறையும் விசை சென்சாரைப் பொருத்தினால், ஒருவர் அசையாமல் நின்றாலும் ரீடிங் ஏறுகிறது, ப்ராஜெக்ட் தலைப்பையே மாற்றிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். மாற்றவே வேண்டாம். சர்க்கரை நோயிலும் பாத உணர்வு மங்கும்; தொழுநோயால் உணர்விழந்த பாதங்களுக்காக அறுவை மருத்துவர் பால் பிராண்ட் உங்கள் வேலூரில் செய்த வேலையின் தொடர்ச்சி இது.

சென்சார் பழுதில்லை. எடை தொடர்ந்து இருந்தால் உள்ளிருக்கும் பாலிமர் மெல்ல அமுங்கும், மின்தடை இறங்கிக்கொண்டே வரும். ஆகவே நிற்கும்போது அளக்காதீர்கள். நடக்கவிட்டு, ஒவ்வொரு அடியின் உச்ச மதிப்பையும் எடுங்கள். நொடிக்கு 100 மாதிரிகள் போதும்.

சென்சாரோடு 10 கிலோ ஓம் மின்தடையைத் தொடராக இணைத்து மின்னழுத்தத்தை அளக்கும் வோல்டேஜ் டிவைடர் சுற்று, குதிகாலில் சீக்கிரமே உச்சத்தில் முட்டி நின்றுவிடும். ஆப்-ஆம்ப் (மின்சமிக்ஞையைப் பெருக்கும் சிப்) வழியாக, மின்தடையின் தலைகீழான மின்கடத்துதிறனை அளந்தால் விசைக்கு ஏறக்குறைய நேர்விகிதமாக வரும்.

பலரும் கோட்டைவிடுவது கேலிபரேஷனில்தான், அதாவது தெரிந்த எடைகளை வைத்து ரீடிங்கை விசையோடு பொருத்துவதில். மேசைமேல் எடுத்த விசை-ரீடிங் வளைகோடு செருப்புக்குள் பொருந்தாது. இன்சோலில் ஒட்டிய பிறகே எடை வையுங்கள், அதற்கு முன் பலமுறை அழுத்தி விடுவித்துப் பழக்குங்கள். சென்சாரின் உணரும் வட்டம் 12.7 மி.மீ. விட்டம்; அதைவிடச் சற்றுச் சிறிய ரப்பர் வில்லையை மேலே வைத்தால் விசை ஓரத்துக்குச் சிதறாது. சென்சாரின் வால்பகுதி (கம்பி இணையும் நீளப் பட்டை) வழியே காற்று போகும் துளை இருக்கிறது, பசையால் அடைத்துவிடாதீர்கள். சென்சார் வளைந்திருந்தால் கால் வைக்காமலே ரீடிங் காட்டும்.

மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுகளைப் பரிசீலிக்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதிக்கு இப்போதே விண்ணப்பியுங்கள். நண்பர்களை நடக்கவைத்து அளப்பதற்கும் அது வேண்டும்.