இருவர் கயாக்: 10 அடியா, 13 அடியா?
நீங்களும் தம்பியும் மெதுவாக ஓடும் ஆற்றில் துடுப்புப் போடவும் மீன் பிடிக்கவும் 10 அடி நீளத்தில், குழிக்குள் உள்ளே உட்காரும் கயாக்கா (துடுப்புப் போடும் ஒடுங்கிய சிறு படகு), 13 அடி நீளத்தில், திறந்த தளத்தின் மேலே உட்காருவதா என்று கேட்டிருந்தீர்கள். 13 அடிதான், யோசிக்கவே வேண்டாம். 10 அடியில் இரண்டு பேர் உட்கார்ந்தால் துடுப்புகள் மோதிக்கொண்டே இருக்கும், பின்னால் இருப்பவர் தூண்டிலை வீசும்போது முன்னால் இருப்பவரின் தலையை ஒட்டித்தான் முள் பறக்கும். மேலே உட்காரும் வகையில் தண்ணீர் ஓட்டைகள் வழியாகத் தானே வடிந்துவிடும், கவிழ்ந்தாலும் நிமிர்த்திப் போட்டு ஏறிக்கொள்ளலாம். அகலம் 34 அங்குலம் பக்கம் இருக்கட்டும். அப்புறம், அது தாங்கும் என்று போட்டிருக்கும் எடையில் மூன்றில் இரண்டு பங்குக்குள் நீங்கள் இருவரும் சாமான்களும் அடங்க வேண்டும், இல்லையென்றால் படகு தாழ்ந்து மந்தமாகிவிடும். நடுவில் இருக்கை மாட்ட வசதி இருந்தால் தனியாகவும் போகலாம். படகின் எடையே பெரும்பாலும் 30 கிலோவுக்கு மேல் இருக்கும், இருவரும் தூக்கிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.