காவடிப் படத்தில் ரோஸ் நிறம் ஏன் திட்டாகிறது?

கேள்வி: மொரீசியசில் ரோஸ் ஹில்லில் இருக்கிறேன். கல்யாணம், கோயில் விழா படம் எடுப்பது தொழில். தைப்பூசத்தன்று காத்ர் போர்ன் மலைக்கோயிலில் எடுத்த படங்களை லேப்டாப்பில் திருத்தி லேபுக்கு அனுப்பினேன். அச்சில் எல்லாம் இருண்டு வந்தன. காவடி எடுத்தவர்களின் ரோஸ் துணியில் மடிப்பே தெரியவில்லை, ஒரே திட்டு. நல்ல மானிட்டர் வாங்கினால் சரியாகுமா? நிறம் அளக்கும் கருவியும் வேண்டுமா?

பதில்: கருவி கட்டாயம் வேண்டும். மானிட்டருக்கு எடுத்து வைத்த பணத்தில் குறைத்துக்கொண்டாவது ஒரு கலரிமீட்டர் வாங்குங்கள். அளந்து சரிசெய்த நடுத்தர மானிட்டரை நம்பி வேலை செய்யலாம். அளக்காத விலை உயர்ந்த மானிட்டரை நம்ப முடியாது.

உங்கள் இரண்டு குறைகளுக்கும் காரணம் வேறு வேறு. படம் இருண்டு வருவது திரையின் வெளிச்சத்தால். கடையிலிருந்து வரும் மானிட்டர்கள் பலவும் 250 கேண்டெலாவுக்கு (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு) மேல் எரியும். அதில் பார்த்துத் திருத்தும்போது படம் பளிச்சென்று தெரிவதால், நம்மை அறியாமலே இருட்டாக்கி அனுப்பிவிடுகிறோம். காகிதத்துக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலாவுக்குள் வையுங்கள். 100-இல் தொடங்குவது நல்லது. முதல் இரண்டு நாள் திரை மங்கலாகத் தோன்றும், பிறகு கண் பழகிவிடும்.

ரோஸ் விஷயம் கொஞ்சம் ஆழமானது. விலை குறைந்த லேப்டாப் திரைகள் பலவும் எஸ்ஆர்ஜிபி என்ற பொது நிற அளவில் 60 விழுக்காடு அளவுக்குத்தான் காட்டும். அதில் அந்த அடர் ரோஸ் வெளிறித் தெரிந்திருக்கும்; நீங்கள் நிறச்செறிவை ஏற்றியிருப்பீர்கள். ஏற்கெனவே உச்சி வெயிலில் நிரம்பி நின்ற சிவப்புச் சேனல், அதாவது கோப்பில் சிவப்பின் அளவைச் சொல்லும் எண், அதோடு உச்சத்தில் முட்டிவிட்டது. மடிப்பின் மேட்டிலும் பள்ளத்திலும் சிவப்பு ஒரே எண்ணாகிவிட்டால் துணி திட்டாகத்தான் அச்சாகும். அதனால் ஹிஸ்டோகிராமை (படத்தில் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடம்) மொத்தமாகப் பார்க்காமல் சிவப்பு, பச்சை, நீலம் என்று தனித்தனியே பாருங்கள். சிவப்பு வலது ஓரத்தில் முட்டினால் எக்ஸ்போஷரையோ அந்த ஒரு நிறத்தின் செறிவையோ இறக்குங்கள். ரா கோப்பு (கேமரா பதிந்ததைச் சுருக்காமல் வைத்திருக்கும் மூலக்கோப்பு) இருந்தால் மடிப்பு பெரும்பாலும் திரும்பி வரும்.

'அடோபி ஆர்ஜிபி 99 விழுக்காடு' என்ற விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, அது வாங்கினால் ரோஸ் சரியாகும் என்று நினைக்க வேண்டாம். அடோபி ஆர்ஜிபி என்பது எஸ்ஆர்ஜிபியைவிட விரிந்த இன்னொரு நிற அளவு. 1998-இல் வந்த அந்த அளவுக்கும் எஸ்ஆர்ஜிபிக்கும் சிவப்பு முனையும் நீல முனையும் ஒன்றேதான். பச்சை முனை மட்டும் தள்ளிப் போகிறது. காயலின் நீலப்பச்சைக்கும் கரும்புத் தோட்டத்துக்கும் அது உதவும். ரோஸ் நிறமோ சிவப்புக்கும் நீலத்துக்கும் இடையே இருப்பது. உங்கள் லேப் எஸ்ஆர்ஜிபி கோப்பு கேட்கிற லேப் என்றால் அந்தக் கூடுதல் செலவு இப்போதைக்கு வேண்டாம் என்பேன். அடோபி ஆர்ஜிபி கோப்பை அப்படிப்பட்ட லேபுக்கு அப்படியே அனுப்பினால் நிறம் செத்துப்போய் வரும் ஆபத்தும் உண்டு.

ஆக, உங்களுக்கு 27 அங்குலம், 2560-க்கு 1440 புள்ளிகள், பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத ஐபிஎஸ் பேனல், எஸ்ஆர்ஜிபி முழுவதும் காட்டுவது, பளபளப்பில்லாத திரை. இது போதும். டிஎன் பேனல் வேண்டாம். தலையை அசைத்தாலே நிறம் மாறும். பணம் இன்னும் இருந்தால், சரிசெய்த அளவுகளை மானிட்டருக்குள்ளேயே பதிக்கும் வசதி உள்ள எய்சோ (EIZO) கலர்எட்ஜ், பென்க்யூ எஸ்டபிள்யூ வகைகளைப் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து தருவிப்பதாக இருந்தால், பழுதானால் திருப்பி அனுப்பும் செலவு யார் தலையில் என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கலரிமீட்டரில் கேலிப்ரைட், டேட்டாகலர் ஸ்பைடர் இரண்டும் பரவலாகக் கிடைப்பவை. மிகப் பழையதை செகண்ட் ஹேண்டில் வாங்காதீர்கள். சில பழைய மாடல்களில் உள்ளிருக்கும் ஃபில்டர் காலத்தாலும் ஈரத்தாலும் கெட்டு, கருவியே பொய் சொல்லும். கடற்காற்று வீசும் நம் ஊரில் கருவியைச் சிலிக்கா ஜெல் பையோடு மூடிய டப்பாவில் வையுங்கள்.

அளப்பதற்கு முன் மானிட்டரை அரை மணி நேரம் எரிய விடுங்கள். கம்ப்யூட்டரில் திரையை மஞ்சளாக்கும் 'நைட் லைட்', தானியங்கி பிரைட்னஸ், டைனமிக் கான்ட்ராஸ்ட் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். எச்டிஎம்ஐ கேபிள் என்றால் கிராஃபிக்ஸ் கார்டு அமைப்பில் 'ஃபுல் ரேஞ்ச்' இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கறுப்பு சாம்பலாகத் தெரியும். வெண்மைக்கு டி65 (பகல் வெளிச்சத்தை ஒத்த வெண்மை), காமா (இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் இடைப்பட்ட சாயல்களின் அளவு) 2.2, வெளிச்சம் 100. மற்றதைக் கருவி பார்த்துக்கொள்ளும். முடிவில் சராசரி டெல்டா-ஈ (நிறம் எவ்வளவு விலகுகிறது என்று சொல்லும் எண்) 2-க்குக் கீழே வந்தால் திருப்தி. மாதம் ஒருமுறை இதைத் திரும்பச் செய்யுங்கள்.

அறையையும் மறக்காதீர்கள். ஜன்னலுக்கு எதிரே திரை வேண்டாம், பச்சையோ மஞ்சளோ அடித்த சுவர் பக்கத்தில் வேண்டாம். நான் திருத்த உட்காரும்போது சாம்பல் நிறச் சட்டைதான் போடுவேன். சிவப்புச் சட்டையின் சாயல் திரையில் விழுந்து கண்ணை ஏமாற்றும்.

இவ்வளவும் செய்த பிறகும் லேப் கெடுக்கலாம். அச்சு இயந்திரத்தில் தானாகவே நிறம் திருத்தும் வசதி இருக்கும். படம் முழுக்க ரோஸ் நிறைந்திருந்தால் அதை நிறக்கோளாறு என்று எண்ணி எதிர்ப்பக்கம் பச்சையை ஏற்றிவிடும். முகங்கள் சோகை பிடித்தாற்போல ஆகும். 'ஆட்டோ கரெக்ஷன் வேண்டாம்' என்று எழுதியே கொடுங்கள். காகிதத்துக்கான ஐசிசி புரொஃபைல் (அந்தக் காகிதத்தில் நிறம் எப்படி விழும் என்று சொல்லும் கோப்பு) கிடைத்தால் வாங்கி, சாஃப்ட் ப்ரூஃப் போட்டு, அச்சு எப்படி வரும் என்று திரையிலேயே பாருங்கள். ஆல்பம் முழுவதையும் கொடுக்குமுன் ரோஸ் துணியும் முகமும் சேர்ந்திருக்கும் ஒரே ஒரு படத்தை அச்சிட்டு, பகல் வெளிச்சத்தில் கையில் வைத்துத் திரையோடு ஒப்பிடுங்கள். இன்னும் இருண்டிருந்தால் 100-ஐ 90 ஆக்கி, மறுபடி அளந்து, அதே படத்தை அந்தத் திரையில் திரும்பத் திருத்தி, இன்னொரு தடவை போடச் சொல்லுங்கள்.