களி மட்டும் போதுமா?

கேள்வி: என் தாயாருக்கு 68 வயது, எடை 50 கிலோ. காலையில் ராகிக் கூழ், மதியம் சோறும் ரசமும், இரவில் களியும் கீரைக் கடைசலும் சாப்பிடுகிறார். ஓராண்டாகத் தரையில் அமர்ந்தால் கையூன்றாமல் எழ முடியவில்லை, தொடையும் மெலிந்திருக்கிறது. புரதப் பொடி வாங்கித் தரலாமா? (வாசகர், பாலக்கோடு)

பதில்: முதுமையில் தசையும் அதன் வலுவும் குறைவதை மருத்துவர்கள் சார்கோபீனியா என்பார்கள். வயது இதற்கு முதற்காரணம் என்றாலும், உணவுக்கும் உழைப்புக்கும் இதில் பெரும் பங்குண்டு.

முழுதாக வளர்ந்த தசையின் நார், அதாவது தசையை ஆக்கும் இழை, தானாகப் பிரிந்து பெருகுவதில்லை. 1961ஆம் ஆண்டு அலெக்சாண்டர் மௌரோ நுண்ணோக்கியில் கண்டறிந்த துணைச்செல்கள் நாரின் விளிம்பில் ஒட்டி உறங்கிக் கிடக்கின்றன. நார் சேதமடையும்போது அவையே விழித்துப் பெருகி, அதனுடன் இணைந்து பழுதைச் சீராக்குகின்றன. வயதாக ஆக இவை குறைகின்றன. அதுவும், சட்டென்று எழுவதற்கும் தடுக்கி விழாமல் காப்பதற்கும் உதவும் வேகநார்களில்தான் அதிகம் குறைகின்றன. தசையில் அன்றாடம் நடக்கும் புரத உற்பத்தியைத் தூண்டுவது, உணவுப் புரதத்திலுள்ள லியூசின் என்னும் அமினோ அமிலம். முதியவர்களின் தசை இத்தூண்டலுக்கு மந்தமாகவே இசைவதால், இளையவருக்குப் போதுமான அளவு அவர்களுக்குப் போதாது. வளர்ந்தவருக்கு எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் என்பது இந்தியப் பரிந்துரை. முதியோருக்கு 1 முதல் 1.2 கிராம் வரை வேண்டும் என்பது வல்லுநர் கருத்து. அப்படியானால் உங்கள் தாயாருக்கு நாளொன்றுக்கு 50 முதல் 60 கிராம் தேவை.

களியைக் குறை சொல்வதற்கில்லை. நூறு கிராம் ராகியில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. ஆனால் புரதம் சுமார் 7 கிராம்தான், லைசின் என்ற அமினோ அமிலமும் அதில் குறைவு. கொள்ளு, மொச்சை, துவரை ஆகியவை அந்தக் குறையை நிரப்பும். ஆகவே களிக்குக் கீரையோடு கெட்டியான கொள்ளுக் கடைசலும், மதியம் ரசத்துக்கு முன் பருப்போ மொச்சைக் குழம்போ, காலைக் கூழோடு ஒரு முட்டையும் நிலக்கடலையும் சேருங்கள். பாலோ தயிரோ நாள்தோறும் இருக்கட்டும். புரதத்தை ஒரே வேளையில் குவிக்காமல் மூன்று வேளைக்கும் பகிர்ந்து தருவது நல்லது. பல்லில்லாமலோ பசியில்லாமலோ உணவு இறங்காதவர்களுக்குத்தான் பொடி பயன்படும் என்பது என் கருத்து. எதைக் கூட்டுவதற்கு முன்பும் சிறுநீரகப் பரிசோதனை அவசியம். சிறுநீரக நோயுள்ளவருக்கு மருத்துவர் சொன்ன அளவே அளவு.

உழைப்பில்லாமல் புரதம் மட்டும் தசையாகிவிடாது. கைகளை மார்பில் கட்டியபடி நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து அமரச் சொல்லுங்கள். 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால், ஆசிய வல்லுநர் குழுவின் அளவுகோல்படி உடலியக்கம் குன்றியிருக்கிறது என்று பொருள். அதே பயிற்சியை ஆள் துணையோடு தினமும் செய்யலாம். மெலிவு விரைவாக இருந்தால் சர்க்கரை, தைராய்டு, காசநோய் ஆகியவற்றையும் பார்த்துவிட வேண்டும். புளூரைடு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரை உங்கள் தருமபுரி மாவட்டத்தில் பலர் ஆண்டுக்கணக்கில் குடித்திருக்கிறார்கள். அதனால் முதுகும் மூட்டும் விறைத்துப்போனாலும் எழுவது இப்படித்தான் கடினமாகும். ஆகவே முன்பு எந்தத் தண்ணீர் குடித்தார் என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: மாந்தோப்பில் வெயிலில் நிற்பவருக்கும் தசை வலுவுக்காக வைட்டமின் டி மாத்திரை வேண்டுமா? (வாசகர், கிருஷ்ணகிரி)

பதில்: இரத்தப் பரிசோதனையில் குறைபாடு தெரிந்தால் மட்டுமே வேண்டும். கடும் குறைபாட்டில் தொடை, இடுப்புத் தசைகள் தளரும். மாத்திரை அதைச் சரிசெய்யும். குறைபாடில்லாதவருக்கு அதனால் தசை கூடுவதில்லை. அளவு மீறினால் இரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகம் பாதிக்கப்படும்.